பொருள்: மூலிகைச் சாறு சோதனை - தட்டில் தெரியும் வட்டத்துக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

நுண்ணுயிரியல் செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழில் ஆக்கிக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் வேலை நிற்கிறது. முல்லர்-ஹின்டன் அகார் (கிருமி வளர்க்கும் கூழ் போன்ற ஊடகம்) தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, வேம்பு, நிலவேம்பு போன்றவற்றின் சாற்றில் ஊறிய 6 மி.மீ. காகித வில்லையை வைத்து, 35 டிகிரியில் ஓர் இரவு விட்டால், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத இடம் தெரியும். 'ஜோன் ஆஃப் இன்ஹிபிஷன்' என்கிறோமே, அதுதான். தடுப்பு மண்டலம், தடுப்பு வளையம், ஒடுக்கப் பகுதி ஆகியவை கைவசம் உள்ளன. மாணவருக்கு ஒரு தடவை படித்ததும் புரிய வேண்டும்.

* * *

மண்டலம் வேண்டவே வேண்டாம். மூலிகைப் பாடத்தில் 'ஒரு மண்டலம்' என்றால் 48 நாள் மருந்துண்ணும் கணக்குதான் மனதில் வரும். வளையமும் பொருந்தாது. வளையத்துக்கு நடு காலியாக இருக்கும். நாம் அளப்பதோ வில்லையையும் சேர்த்த முழு விட்டத்தை. 'வட்டம்' போதும். 'தடுப்பு' என்றதும் தடுப்பூசி நினைவுக்கு வந்து, நோய் வராமல் காக்கும் மருந்து என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். இங்கே தடைபடுவது வளர்ச்சி மட்டுமே. என் பரிந்துரை: தடைவட்டம்.

* * *

ஐயா, தடை என்றால் சட்டத்தடை, தடையுத்தரவு. வள்ளுவர் 948ஆம் குறளில் 'அதுதணிக்கும் வாய்நாடி' என்று வழி காட்டியிருக்கிறார். தணிப்பு வட்டம் எனலாம். அதைவிட அழகான சொல்லும் நம்மிடம் உண்டு. நிலவைச் சுற்றி ஒளி வட்டம் கட்டுவதை 'ஊர்கோள்' என்கின்றன நிகண்டுகள். தட்டில் வில்லை நிலவு, சுற்றியுள்ள தெளிவு ஊர்கோள். ஊர்தல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மருந்து அகாருக்குள் ஊர்ந்து சென்று ஓர் எல்லை கொள்கிறது! சோதனையின் செயல்முறையே சொல்லுக்குள் இருக்கிறது. இப்படிப்பட்ட சொல்லைப் பெட்டியில் பூட்டிவைப்பது நியாயமா?

* * *

ஊர்கோள் அழகுதான். ஆனால் முதலாண்டு மாணவர் அதைக் கோள்களில் ஒன்று என்று நினைப்பார்.

எனக்குத் 'தெளிவட்டம்' பிடிக்கிறது. வினைத்தொகை. தெளிந்த, தெளிகின்ற, தெளியும் வட்டம் என மூன்று காலத்துக்கும் நிற்கும். கண்ணால் பார்ப்பதையே பெயராக்குகிறது.

* * *

ஆய்வகத்தில் இருப்பவன் என்ற முறையில் தெளிவட்டம், தணிப்பு வட்டம் இரண்டுக்குமே மறுப்பு. இரத்தம் கலந்த அகாரில் சிவப்பணுக்கள் சிதைந்தாலும் தெளிந்த வட்டம் வரும். அங்கே கிருமி நன்றாக வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரே தேர்வில் இரண்டும் கேட்கப்பட்டால் 'தெளிவட்டம்' குழப்பும். 'தணிப்பு' நோயாளிக்கு உரியது. தட்டில் நோயே இல்லை.

பெயரைவிட எனக்குக் கவலை தருவது வேறு. வட்டம் பெரிது என்றால் மூலிகை வலிது என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் அகாரில் சரியாகப் பரவாது. வீரியம் இருந்தும் வட்டம் சிறுத்துப்போகும். கிர்பி, பௌவர் குழுவினர் 1966இல் வகுத்த வில்லைச் சோதனை முறையின் விட்ட அளவுகள், இத்தனை மைக்ரோகிராம் என்று நிர்ணயித்த மருந்து வில்லைகளுக்கு உரியவை. பச்சிலைச் சாற்றில் எது எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சாறெடுக்கும் கரைப்பானான மெத்தனால் மட்டும் ஊறிய வெறும் வில்லையையும் பக்கத்தில் வைக்காவிட்டால், வட்டம் போட்டது இலையா கரைப்பானா என்றே சொல்ல முடியாது. சாற்றைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்து, கிருமி கண்ணுக்குத் தெரிய வளராத கடைசிச் செறிவைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து எடுத்துப் புதுத் தட்டில் இட்டு, மறுபடி வளர்கிறதா என்று பார்த்தால்தான் கொன்றதா, நிறுத்தி மட்டும் வைத்ததா என்பது தெரியும். ஆகவே பெயரில் 'கொல்' என்ற வேர் தலைகாட்டவே கூடாது. தடைவட்டத்துக்கே என் ஆதரவு.

* * *

இடையில் ஒரு கேள்வி. 'சாறு' சரியா? காய்ந்த இலையைக் கரைப்பானில் ஊறவைத்து வடிப்பது சாறா? பிழிந்தால்தானே சாறு? 'சாரம்' என்றால் வடசொல் என்பீர்கள்.

* * *

அருமையான கேள்வி, அம்மா. புறநானூற்றில் 'சாறுதலைக் கொண்டென' என்று வரும் சாறு திருவிழாவைக் குறிக்கும். விழாவும் பிழிவும் ஒரே ஒலியில் எப்படிச் சேர்ந்தன என்பதைத் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன். கையேட்டுக்கு 'வடிசாறு' என்று இடுங்கள்.

* * *

எல்லோருக்கும் நன்றி. நேரம் இல்லை. பெரும்பாலோர் சொன்ன தடைவட்டத்தையே வைக்கிறேன். அதையொட்டி, வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவுக்குச் 'சிறுமத் தடைச்செறிவு'. சிறுமம், பெருமம் கணக்குப் பாடத்திலேயே பழகியவைதான். வடிசாறும் சேர்ந்துவிட்டது. வெறும் வில்லை பற்றிய எச்சரிக்கையைச் செய்முறையின் முதல் பத்தியிலேயே போடுகிறேன்.

* * *

பெரும்பான்மை சொல்வதால் ஒரு சொல் சரியாகிவிடாது, ஐயா. 'தடை' என்பது வெளியிலிருந்து ஒருவர் போடுவது. மருந்து உள்ளே பரவிச் செய்வதை அது காட்டவில்லை. அடுத்த பதிப்பின் சொல்லடைவிலாவது ஊர்கோளைத் தடைவட்டத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். வகுப்பில் நான் அதைத்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.