கலிஃபோர்னியா பள்ளி மாவட்டங்கள்: ஆட்குறைப்புக்குப் பொறுப்பு மாநிலமா, மாவட்டமா?

நெய்தல்:
மாநிலத்துக்கு வருமானம் இறங்கினால் முதல் அடி பள்ளிக்கூடத்துக்குத்தான். 1978-இல் மக்களே வாக்களித்து நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு என்ற சட்டம் சொத்து வரிக்கு 1 சதவீதம் என்று வரம்பு கட்டியது. அதிலிருந்து பள்ளிகள் மாநிலத்தின் கையைப் பார்த்தே நிற்கின்றன. மாநிலம் பெரிதும் நம்பியிருப்பது வருமான வரியை. பங்குச் சந்தை சரிந்தால் அதுவும் சரியும். 1988-இன் 98ஆம் முன்மொழிவு குறைந்தபட்ச ஒதுக்கீட்டை உறுதி செய்கிறது என்பார்கள். அந்தக் குறைந்தபட்சமும் மாநில வருமானத்தோடு சேர்ந்து இறங்கும். சமுதாயக் கல்லூரிகளையும் சேர்த்து 2007-08-இல் சுமார் 57 பில்லியன் டாலராக இருந்தது, 2011-12-இல் சுமார் 47 பில்லியன். 180 நாள் பள்ளியாண்டை 175 நாளாகக் குறைத்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுத்தது. இதில் ஆட்களைக் குறைத்ததற்கு மாவட்டத்தை, அதாவது உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தை, எப்படிக் குற்றம் சொல்வது?

கணக்குப்பிள்ளை:
அந்த ஆண்டுகளுக்கு நீங்கள் சொல்வது சரி. அதே விளக்கத்தை இன்றைக்கும் நீட்டினால் தப்பு. 2013-இல் வந்த புதிய நிதிச் சூத்திரப்படி, தினசரி சராசரி வருகையைக் கணக்கிட்டு ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று பணம் வருகிறது. பிள்ளைகள் குறைந்தால் பணம் குறையும். இந்தச் சரிவு பல ஆண்டுகளுக்கு முன்பே கண்ணுக்குத் தெரியும். அப்படியிருந்தும் கோவிட் காலத்தில் அமெரிக்க ஒன்றிய அரசு தந்த நிதியை நிரந்தரப் பணியிடங்களுக்குப் போட்ட மாவட்டங்கள் உண்டு. அதன் கடைசித் தவணையை 2024 செப்டம்பர் 30-க்குள் ஒப்பந்தமாக்கிவிட வேண்டும் என்பது பணம் வரும்போதே தெரிந்த கெடு. ஒரு தடவை வரும் பணத்தில் மாதாமாதம் சம்பளம் கொடுக்க ஒப்புக்கொண்டது மாநிலம் இல்லை.

நெய்தல்:
பிள்ளைகள் குறைந்த அளவுக்குச் செலவு குறையாது. 100 வகுப்பறைகளில் அறைக்கு 3 பேர் போனால் 300 பேர். தலைக்குப் பத்தாயிரம் டாலர் என்று வைத்தால் 30 லட்சம் டாலர் வரவு போச்சு. 100 அறைக்கும் அதே 100 ஆசிரியர் வேண்டும், பேருந்து அதே வழியில் ஓட வேண்டும், மின்கட்டணம் அப்படியேதான். இதற்கு மேல் ஓய்வூதியம்: ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்கு மாவட்டம் கட்டும் பங்கு 2013-14-இல் சம்பளத்தில் 8.25 சதவீதம், இப்போது 19.1. அதை ஏற்றியது 2014-இல் மாநிலம் போட்ட சட்டம்.

வடகரை:
இரண்டு பேரும் நாட்காட்டியை விட்டுவிட்டீர்கள். ஆளுநர் பட்ஜெட்டை முன்வைப்பது ஜனவரி 10-க்குள், திருத்துவது மே நடுவில், சட்டமன்றம் நிறைவேற்றுவது ஜூன் 15-க்குள். ஆனால் பணிநீக்க முன்னறிவிப்பு ஆசிரியர் கைக்கு மார்ச் 15-க்குள் போய்ச் சேர வேண்டும். மாவட்டத்துக்கு அப்போது ஜனவரி மதிப்பீட்டைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. ஆகவே தேவைக்கு மேலேயே கடிதம் அனுப்பிவிட்டு, மே மாதத்தில் பலவற்றைத் திரும்பப் பெறுகிறார்கள். அதற்குள் இளம் ஆசிரியர்கள் வேறு மாவட்டத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். நீக்கம் பணிமூப்பு வரிசைப்படி நடப்பதால் கடிதம் முதலில் போவது அவர்களுக்குத்தான்.

கணக்குப்பிள்ளை:
அதற்குத்தான் இருப்பு நிதி.

வடகரை:
எவ்வளவு இருப்பு? 1,001 முதல் 30,000 மாணவர் வரை உள்ள மாவட்டத்துக்குக் கட்டாயக் குறைந்தபட்சம் செலவில் 3 சதவீதம். 100 மில்லியன் டாலர் செலவில் 80 மில்லியன் சம்பளமும் சலுகைகளும் என்றால் மாதத்துக்கு 6.7 மில்லியன். 3 மில்லியன் இருப்பு இரண்டு வாரச் சம்பளத்துக்குக்கூடத் தேறாது. 2020-21-இல் மாநிலம் ஒதுக்கீட்டை வெட்டவில்லை, சுமார் 11 பில்லியன் டாலரை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிவைத்தது. ஏட்டில் வரவு இருக்கும், வங்கியில் காசு இருக்காது. அந்த இடைவெளிக்குக் குறுகிய காலக் கடன் வாங்கினால் வட்டி மாவட்டத்தின் தலையில்.

புதுவரவு:
பணம் இல்லை என்கிற மாவட்டங்கள் புதுக் கட்டடம் மட்டும் எப்படிக் கட்டுகின்றன?

கணக்குப்பிள்ளை:
அது கடன்பத்திரப் பணம். 2000-இன் 39ஆம் முன்மொழிவுப்படி உள்ளூர் வாக்காளர்களிடம் 55 சதவீத வாக்கு கிடைத்தால் போதும். அதிலிருந்து சம்பளம் கொடுக்கக் கூடாது. சம்பளத்துக்கும் உதவுகிற மனை வரிக்கு (மனைக்கு இவ்வளவு என்று போடும் தனி வரி) மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

வடகரைக்கு: இருப்பு 3 சதவீதம் என்பது தரை, கூரை அல்ல. வருமானம் பெருகிய ஆண்டுகளில் 10 சதவீதம் சேர்த்திருந்தால் மார்ச் மாதத்தில் பயந்து கடிதம் அனுப்ப வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரப் பள்ளி மாவட்டம் 2003-இல் 100 மில்லியன் டாலர் அவசரக் கடன் வாங்கி நிர்வாகத்தை மாநிலத்திடம் இழந்தது. அந்தக் கடனைத் தீர்க்க 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கணக்கைக் கவனிக்காமல் விட்டால் இந்த விலைதான்.

நெய்தல்:
10 சதவீதம் சேர்த்தால் சம்பளப் பேச்சுவார்த்தையில் ஆசிரியர் சங்கம் அதைத்தான் முதலில் கேட்கும், கேட்பதும் நியாயம். அந்தப் பணம் இந்த ஆண்டு வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு வந்தது. மார்ச் 15 கெடுவை ஜூனுக்குத் தள்ளட்டும்.

வடகரை:
தள்ளினால் ஆசிரியருக்கு வேறு வேலை தேட நேரம் இருக்காது. சங்கங்கள் எதிர்ப்பது அதனால்தான். மேலும் கோடையில் ஒரு வழி ஏற்கெனவே உண்டு. மாணவர் ஒருவருக்கான நிதி 2 சதவீதம்கூட உயராத ஆண்டில், பட்ஜெட் நிறைவேறிய பின் ஆகஸ்ட் 15 வரை ஆசிரியர்களை நீக்கலாம். 2020-இல் பணத்தைத் தள்ளிவைத்த சட்டமன்றமே அந்த வழியையும் அந்த ஆண்டுக்கு அடைத்தது.