தம்பிக்கு ஒட்டோமொபைல் கோஸ்: நாலரை லட்சம் கட்டலாமா?

வெள்ளவத்தை அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். கராஜ் வேலை தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இருந்தா கொஞ்சம் சொல்லுங்கோ. என்ர தம்பிக்கு 19 வயசு, ஏ.எல். சோதனை சரிவரேல்ல, திருப்பி எடுக்க மாட்டன் எண்டு நிக்கிறான். சின்னனில இருந்தே அப்பான்ர ஸ்கூட்டியக் கழட்டிப் பூட்டுறதுதான் அவன்ர வேலை (ஒருக்கா பூட்டி முடிய ரெண்டு நட் மிஞ்சிச்சு, அது இப்பவும் டீவிக்குப் பக்கத்தில கிடக்கு, ஸ்கூட்டியும் ஓடுது). இப்ப ஒட்டோமொபைல்தான் படிக்கப் போறானாம். ஒரு பிரைவேட் இடத்தில விசாரிச்சம், ஒண்டரை வருசம், 450,000 ரூவா, தவணையாவும் கட்டலாம், முடிய வெளிநாட்டு வேலை நிச்சயம் எண்டு அங்க இருந்த பிள்ளை சொல்லுது. அம்மா காப்பை அடகு வைக்க வெளிக்கிட்டிட்டா. அவனுக்குத் தெரிஞ்ச கடை ஒண்டில 35,000 சம்பளத்துக்கு வேலையும் கிடக்கு. மெக்கானிக் ஒருத்தருக்கு உண்மையா என்ன வரும்? இவ்வளவு காசு கட்டிப் படிக்கலாமோ?

கொட்டாஞ்சேனை பையன்:
அக்கா காப்பை வைக்கிறதுக்கு முன்னாடி அந்த கோர்ஸுக்கு என்.வி.கியூ. லெவல் 4 (அரசாங்கம் ஏத்துக்குற தொழில் தகைமை) கிடைக்குமான்னு கேளுங்க, வாயால இல்ல, எழுத்துல. இடம் மூன்றாம் நிலை தொழிற்கல்வி ஆணைக்குழுவுல பதிஞ்சிருக்குறது வேற, அந்த கோர்ஸை அங்கீகரிச்சிருக்குறது வேற. சில இடத்துல பதிவு நம்பரை மட்டும் போஸ்டர்ல பெருசா அடிச்சிருப்பாங்க, நம்ம ஆளுங்க ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிட்டு காசைக் கட்டிருவாங்க, என் ஃப்ரெண்ட் ஒருத்தன் அப்பிடித்தான் மாட்டினான், கடைசியில கைல இருந்தது சும்மா கலர் சர்டிபிகேட்.

அப்புறம் கொழும்புல இருந்துக்கிட்டு ஏன் நேரா பிரைவேட்டுக்குப் போறீங்க? ஒருகொடவத்தையில நைட்டாவோட (அரசாங்கத் தொழிற்பயிற்சி அதிகாரசபை) ஒட்டோமொபைல் இன்ஸ்டிடியூட் இருக்கு, மருதானை டெக்னிக்கல் கொலேஜ் இருக்கு, மொரட்டுவைப் பக்கம் ஜெர்மன் டெக் இருக்கு. ஜெர்மன் டெக் 1959ல ஜெர்மன்காரன் உதவியோட ஆரம்பிச்சது, அந்தக் காலத்துல சி.டி.பி. (அரசாங்க) பஸ் திருத்த ஆள் வேணும்ங்கிறதுக்காக. முழுநேரக் கோர்ஸுக்கு எடுபடுறது லேசில்ல, ஆனா கராஜ்ல அந்தப் பேரைச் சொன்னா தனி மரியாதைதான். அங்கயே காசு கட்டிப் படிக்கிற பார்ட் டைம் கோர்ஸும் இருக்கு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. வீட்டை விட்டுத் தங்குவான்னா கிளிநொச்சி அறிவியல் நகர்லயும் ஒண்ணு இருக்கு, 2016ல தொறந்தது, அதுவும் ஜெர்மன் உதவிதான்.

ஒண்ணு மட்டும், தம்பிக்கு சிங்களம் எப்பிடி? பாடம் எந்த மொழியில நடந்தாலும் வேர்க்ஷொப்ல பேசுறது சிங்களம்தான். நான் மொத மாசம் "யத்துர" கேட்டா ஸ்பானரைத் தூக்கிட்டுப் போய் நிப்பேன், அவங்க கேட்டது சாவி.

வெள்ளவத்தை அக்கா:
நன்றி தம்பி. சிங்களம் கிரிக்கெட் விளையாடுற அளவுக்குத் தெரியும் 😅

நான் கணக்கு எழுதுற ஆள், ராத்திரி இருந்து போட்டுப் பாத்தன். ஃபீஸ் 450,000. பஸ்சும் மத்தியானச் சாப்பாடும் ஒரு நாளைக்கு 500 வச்சு, மாசம் 22 நாள், 18 மாசத்துக்கு 198,000. ஓவரோல், சப்பாத்து, கொஞ்ச டூல்ஸ் எல்லாம் சேத்து 52,000 வச்சன். அதோட சரியா 7 லட்சம். ஆனா அவன் கடைக்குப் போயிருந்தா அந்த 18 மாசத்தில 630,000 கொண்டு வந்திருப்பான், அதையும் கூட்டினா 13 லட்சத்து 30 ஆயிரம்! படிச்சு முடிச்சுக் கடைச் சம்பளத்தை விட மாசம் 10,000 கூட எடுத்தாலும் போட்டது திரும்பி வர 133 மாசம், 11 வருசம் வருது. ஃபீஸ் இல்லாத இடமெண்டாலும் 880,000 போகுது, 88 மாசம். எனக்கு இதைப் பாத்து நெஞ்சடைச்சிட்டுது, அம்மாட்ட இன்னும் காட்டேல்ல.

தெஹிவளை:
கடை வேலையே நல்லம். ஏசிக்குள்ள நிண்டு கை சுத்தமா வீட்ட வருவான். கராஜ்காரனுக்கு ஆர் பொம்பிளை குடுக்கிறது.

வத்தளை கராஜ்காரன்:
மேல உள்ளவருக்கு: எனக்குக் குடுத்தாங்க, ரெண்டு புள்ளையும் இருக்கு, நன்றி.

அக்கா உங்க கூட்டல் சரி, ஆனா அந்த 10,000 வித்தியாசம் அப்பிடியே 11 வருஷம் நிக்கும்னு போட்டிருக்கீங்களே, அங்கதான் பிழை. நான் 16 வயசுல கிராண்ட்பாஸ்ல ஒரு பாஸ்கிட்ட கோலயாவா, அதாவது எடுபிடியா சேந்தேன். மூணு வருஷம் டயர் கழட்டுறது, ஒயில் மாத்துறது, டீ வாங்குறது. வயரிங் வேலைன்னா பாஸ் என்னைக் கடைக்கு அனுப்பிட்டுத்தான் தொடங்குவாரு, நான் பழகிட்டா போயிருவேன்னு பயம். அப்புறம் அனுபவத்தை வச்சு என்.வி.கியூ. எடுத்தேன், செஞ்ச வேலைய எல்லாம் போட்டோவோட ஃபைல் பண்ணி, வந்து பாத்து, கேள்வி கேட்டு, செய்ய வச்சுக் குடுப்பாங்க. காசு இல்லாதவனுக்கு அந்த வழியும் இருக்கு, ஆனா வருஷம் தின்னும்.

இப்ப என் கராஜ்ல நான் குடுக்குறதைச் சொல்றேன். என்.வி.கியூ. 4ஓட புதுசா வர்ற பையனுக்கு 42,000. கடைய விட 7,000தான் கூட, உங்க கணக்குக்கு இன்னும் மோசம். ஆனா எங்கிட்ட நாலாவது வருஷமா இருக்குற ஒருத்தனுக்கு 95,000 போகுது, போகலைன்னா நாளைக்கே பக்கத்துக் கராஜ்காரன் தூக்கிருவான். காரணம் சொல்றேன். போன மாசம் ஒரு அக்வா வந்துச்சு, டொயோட்டா ஹைபிரிட் கார், பெட்ரோலும் பெட்டரியும் சேந்து ஓடுறது. ஹைபிரிட் லைட் எரியுது, ஸ்கேனர்ல பி0ஏ80, அதாவது ஹைபிரிட் பெட்டரி பிழைங்குற கோட். வேற எடத்துல பெட்டரி முழுசா மாத்தணும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இவன் பின் சீட்டைத் தூக்கினான், ஃபேனுக்குள்ள நாய் முடியும் தூசியும் கம்பளி மாதிரி அடைச்சிருக்கு. கரன்ட் தாங்குற கிளவுஸ் போட்டு, பெட்டரி கரன்டைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கைக் கழட்டி, பத்து நிமிஷம் கைய வைக்காம நின்னு, பெட்டரிக்குள்ள இருக்குற இருபது மொடியூலையும் ஒவ்வொண்ணா அளந்தான். ஒவ்வொண்ணும் 7.2 வோல்ட் கணக்கு. ரெண்டுதான் செத்திருந்துச்சு. ரெண்டையும் மாத்தி, ஃபேனைக் கழுவி விட்டோம், இன்னைக்கு வரைக்கும் ஓடுது. ஸ்பானர் பிடிக்க நூறு பேர் வருவான் அக்கா, மீட்டரைப் பிடிச்சு யோசிக்கிறவன் வர்றதில்ல.

2020ல இறக்குமதிய நிப்பாட்டினதுல இருந்து பழைய காரைத்தான் எல்லாரும் கட்டி இழுத்தாங்க, எங்களுக்கு வேலைக்குக் குறையில்ல. 2025ல திரும்பத் தொறந்ததும் கரன்ட் கார் வரிசையா வருது, அதுல என்ஜின் ஒயிலும் இல்ல, ஸ்பார்க் பிளக்கும் இல்ல. அதனால எங்க சேத்தாலும் ஒட்டோ எலக்ட்ரிக்கல், ஹைபிரிட் உள்ள கோர்ஸாப் பாருங்க. வேலைக்குப் போறப்ப ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) போடுறாங்களான்னும் கேக்கணும், சம்பளத்துல 12 வீதம் முதலாளி போடணும், சின்னக் கராஜ் நிறைய எடத்துல போடுறதில்ல. நானும் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் அந்த லிஸ்ட்லதான் இருந்தேன், மறைக்கல.

பஞ்சிகாவத்தை பார்ட்ஸ்:
தங்கச்சி, நான் பார்ட்ஸ் கடை வச்சீக்கிறவன். அந்த "வெளிநாட்டு வேலை நிச்சயம்" கதைய மட்டும் நம்பிர வாணாம். வெளிநாட்டுக்கு அனுப்புறதுக்கு வேலைவாய்ப்புப் பணியகத்துல லைசன்ஸ் எடுத்த ஏஜன்சி வேணும், கோர்ஸ் நடத்துறவன் செல்லி ஆகாது. ஜப்பானுக்கு வாகனம் திருத்துற வேலைக்கு வழி ஈக்கி, 2019ல தொடங்கின ஸ்பெசிஃபைட் ஸ்கில்ட் வேர்க்கர் விசாவுல. ஆனா தொழில் சோதனையும் பாஸ் பண்ணோணும், ஜப்பான் பாஷையும் என்4 லெவல் சோதனை இல்லாட்டி அதுக்குச் சமமா ஈக்கோணும். முதல் கட்டத்துல மொத்தம் அஞ்சு வருஷம், குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக ஏலாது. ஆக அந்த நாலரை லட்சத்துல ஒரு துண்டை பாஷை கிளாஸுக்கு ஒதுக்கினாலாச்சும் பிரயோசனம்.

டூல்ஸ் முழுசா இப்ப வாங்க வாணாம். பொடியன்மார் வாப்பாட காசுல பெரிய பெட்டி வாங்கிட்டுப் போவாங்க, ஒரு மாசத்துல 10ம் நம்பர் சொக்கெட்டைக் காணோம் 😂 நல்ல மல்டிமீட்டர் ஒண்டு போதும்.

வெள்ளவத்தை அக்கா:
அந்தப் பிரைவேட் இடத்துக்கு இண்டைக்குக் கோல் எடுத்தன். என்.வி.கியூ. "அப்ளை பண்ணியிருக்கு, கெதியில வரும்" எண்டினம். எழுத்தில தாங்கோ எண்டு கேக்க மனேஜர் வெளிய போயிட்டாராம். அம்மாட காப்பு அல்மாரிக்குள்ள திரும்பிப் போயிட்டுது. ஒருகொடவத்தைக்குத் திங்கக்கிழமை நேர போய் ஃபோர்ம் கேக்கப் போறம், ஜெர்மன் டெக்குக்கும் போடுவம். ஆனா இடம் கிடைக்க மாசக் கணக்காகுமே, அதுவரைக்கும் கடைக்கு அனுப்புறதோ வீட்டில வச்சிருக்கிறதோ?

வத்தளை கராஜ்காரன்:
கடைக்குப் போகட்டும், 35,000த்தை ஏன் விடுறீங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் எங்கிட்ட அனுப்புங்க, சம்பளம் கிடையாது, சாப்பாடும் பஸ் காசும் குடுப்பேன். மூணு மாசம் கிரீசுல நின்னு பாத்துட்டு இன்னும் ஆசை இருந்தா கோர்ஸுக்குப் போகட்டும். இன்பாக்ஸ்ல எடம் சொல்றேன். அந்த மிஞ்சின ரெண்டு நட்டையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, எங்க போறதுன்னு மொத அதைப் பாப்போம்.