அம்மாவின் கடைவாய்ப்பல்: அடைத்தது விழுந்துவிட்டது, இரண்டு பொருள் சேர்த்து அடைக்கலாமா?

உசிலம்பட்டிக்காரன்:
வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. கீழே வலது பக்கக் கடைவாய்ப்பல், அடுத்த பல்லோடு ஒட்டும் இடத்தில் சொத்தையாகி, பல் நிறத்திலேயே அடைத்தோம். முதலில் ஓரம் பெயர்ந்தது, இப்போது முழுதாகவே விழுந்துவிட்டது. அதற்கு முன்னால் வலிக்காகக் கிராம்பு வாசனை வரும் சிமெண்ட் ஒன்று வைத்திருந்தார்கள். குழிக்குள் அது இன்னும் மஞ்சளாகத் தெரிகிறது. பானைத் தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது, உடனே போய்விடுகிறது. ராத்திரி வலி இல்லை.

மதுரையில் இரண்டு இடத்தில் கேட்டோம். ஒருவர் அடியில் ஒரு சிமெண்ட், மேலே பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட் (விளக்கொளியில் இறுகும் பிசின்) என்கிறார். இன்னொருவர் ரூட் கெனால் செய்து கேப் போடச் சொல்கிறார். இரண்டு பொருள் என்பது காசு பார்க்கும் வேலையா? வெள்ளி அடைத்தால் போதும் என்பது மாமாவின் கட்சி.

செல்லூர் ஆசாமி:
கேப் போட்டுவிடுங்கள் தம்பி, தொல்லை விட்டது. எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

திருமங்கலம் பல் டாக்டர்:
கேப்புக்கு அவசரப்பட வேண்டாம். சுரீர் என்று வந்து உடனே போவது, பெரும்பாலும் நரம்பு இன்னும் நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். தண்ணீரை விழுங்கிய பிறகும் வலி நீடித்தாலோ, தூக்கத்தில் எழுப்பினாலோதான் ரூட் கெனால் பேச்சு. எக்ஸ்ரே எடுத்து, தட்டிப் பார்த்து, குளிர்ச்சி வைத்துச் சோதித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

எனக்கு அந்தக் கிராம்பு சிமெண்ட் மேல்தான் சந்தேகம். அதில் இருக்கும் யூஜினால், காம்போசிட் இறுகுவதைத் தடுக்கும். அதை அடியில் விட்டுவிட்டு மேலே அடைத்திருந்தால் பிடிப்பு எப்படி இருக்கும்? மிச்சம் மீதி இல்லாமல் சுரண்டி எடுக்க வேண்டும்.

சரி, இரண்டு பொருள் விஷயம். காசு பார்க்கும் வேலை இல்லை. காம்போசிட், அமிலம் தடவிய எனாமலில் நன்றாகப் பிடிக்கும். கடிக்கிற பாரத்தையும் தாங்கும். ஆனால் நீல விளக்கில் இறுகும்போது 2, 3 சதவீதம் சுருங்கும். எச்சில் பட்டால் ஒட்டாது. அம்மாவுக்குச் சொத்தை பல் இடுக்கில். அங்கே குழி ஈறுக்குக் கீழே இறங்கியிருந்தால் அடி ஓரத்தில் எனாமலே இருக்காது, ஈரமும் நிற்காமல் கசியும். காம்போசிட் முதலில் தோற்பது அந்த ஓரத்தில்தான்.

அடியில் வைக்கச் சொன்ன சிமெண்ட், அதாவது கிளாஸ் அயனோமர், நேர்மாறு. பல்லில் உள்ள கால்சியத்தோடு வேதிமுறையில் பிணையும், கொஞ்சம் ஈரத்தையும் பொறுத்துக்கொள்ளும், ஃப்ளோரைடு கசியவிடும். ஆனால் முறுக்கு கடிக்கும் இடத்தில் அதை மட்டும் வைத்தால் தேய்ந்து உடையும். அதனால்தான் அதை அடியில் வைத்து, மேலே காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் கனத்துக்கு மிகாத அடுக்குகளாகப் போடுவது. சாண்ட்விச் முறை என்போம். அடி ஓரம் வெளியே தெரிகிற மாதிரி வைத்தால், ரெசின் (பிசின்) கலந்த கிளாஸ் அயனோமர் கேளுங்கள். சாதாரண வகை அந்த இடத்தில் நாளாக ஆகக் கரையும்.

மாமா சொல்வதிலும் நியாயம் உண்டு, வெள்ளி எனும் அமால்கம் கலவை ஈரத்தைப் பொறுக்கும். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி பாதரசம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் வந்த மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு உலகம் முழுக்கவே அதைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள்.

கடைசியில் முடிவு செய்வது மிச்சமுள்ள சுவர்தான். பக்கச் சுவர்கள் மெலிந்தோ விரிசல் விட்டோ இருந்தால் எந்தக் கலவையும் காப்பாற்றாது, மேல் முனைகளை மூடியே ஆக வேண்டும்.

உசிலம்பட்டிக்காரன்:
நன்றி மேடம். அம்மா வெற்றிலை பாக்கு போடுவார். பழைய ஃபில்லிங் இருந்தபோது பாக்குத் துணுக்கு அந்த இடுக்கிலேயே சிக்கும்.

திருமங்கலம் பல் டாக்டர்:
அப்படியென்றால் இரண்டு பல்லும் ஒட்டும் இடத்தில் இடைவெளி இருந்திருக்கிறது. வளைந்த உலோகப் பட்டையும் மர ஆப்பும் வைத்து இறுக்கித்தான் அந்தச் சுவரைக் கட்ட வேண்டும். முடித்ததும் நூல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், லேசாகத் தடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். பாக்கை விட்டுவிடச் சொல்லுங்கள். பல்லைவிட வாய்க்கே அது ஆபத்து.

உசிலம்பட்டிக்காரன்:
போய் வந்தோம். எக்ஸ்ரேயில் குழி ஈறுக்குச் சற்றுக் கீழே, நரம்பு தப்பித்திருக்கிறது, வெளிச்சுவர் கனமாக நிற்கிறது. மஞ்சள் சிமெண்டை எடுத்துவிட்டு நீங்கள் சொன்ன மாதிரியே அடைத்தார். நூலும் தடுத்துத்தான் போகிறது. ஆனால் கடித்தால் அந்தப் பல் மட்டும் முதலில் முட்டுகிறதாம். பழகிவிடும் என்று விடலாமா?

திருமங்கலம் பல் டாக்டர்:
விடாதீர்கள். மரத்துப்போன வாயால் கடித்துக் காட்டினால் சரியாகத் தெரியாது. நாளைக்கே போய், நிறத்தாள் வைத்துக் கடிக்கச் சொல்லி, அடையாளம் விழும் மேட்டைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, ஊசி தேவையில்லை.