திருவனந்தபுரத்துப் பழைய தியேட்டர் வாசலில் சந்தித்த இயக்குநர்கள்

நாகர்கோவிலில் இருப்பவர்களுக்கு உலக சினிமா பார்க்கச் சென்னையைவிடத் திருவனந்தபுரம்தான் பக்கம். எழுபது கிலோமீட்டர் சொச்சம். காலை ரயிலைப் பிடித்தால் முதல் காட்சிக்கு முன்னால் தம்பானூரில் இறங்கி ஒரு டீயும் குடித்துவிடலாம். டிசம்பரில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு நான் போய்வருவது இப்படித்தான். இயக்குநர்களைச் சந்தித்த அனுபவத்தை எழுதச் சொன்னால் எனக்கு விழா மேடை நினைவுக்கு வருவதில்லை. நியூ, ஸ்ரீபத்மநாபா என்ற இரண்டு பழைய தியேட்டர்களின் வாசலும் கைரளி தியேட்டரின் படிக்கட்டும்தான் வருகின்றன.

நியூவும் ஸ்ரீபத்மநாபாவும் நமக்கு அந்நியமானவை அல்ல. அவற்றை நடத்திய பி. சுப்ரமணியம் நாகர்கோவிலில் பிறந்தவர். 1951இல் திருவனந்தபுரத்தை அடுத்த நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டுடியோவைத் தொடங்கியவரும் அவரே. திருவனந்தபுரத்துக்கு மேயராகவும் இருந்தார். அவருக்கும் முன்னால் நம் பக்கத்திலிருந்து போனவர் அகஸ்தீஸ்வரத்து ஜே.சி. டேனியல். சொத்தை விற்று ‘விகதகுமாரன்’ என்ற மௌனப்படத்தை எடுத்தார். மலையாளத்தின் முதல் படம் அது. திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் வெளியானது 1928இல் என்பவர்களும் உண்டு, 1930இல் என்பவர்களும் உண்டு. தலித் பெண்ணான பி.கே. ரோசி அதில் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காமல் கூட்டம் கல்லெறிந்தது. ரோசி ஊரைவிட்டு ஓடிவந்து, ராஜம்மாள் என்ற பெயரில் நாகர்கோவிலில் வாழ்ந்து முடித்தார். டேனியலும் அகஸ்தீஸ்வரத்தில்தான் 1975இல் இறந்தார். இன்று கேரள அரசு சினிமாவுக்குக் கொடுக்கும் உயரிய விருதுக்கு அவர் பெயர். சுயாதீன சினிமா என்று நாம் இப்போது பேசுகிறோமே, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை இந்த இரண்டு பேருடைய வாழ்க்கையும் சொல்லும். திருவனந்தபுரத்தில் படம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர்கள் ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

சரி, சந்திப்புக்கு வருகிறேன். ஒரு முறை காலைக் காட்சி. முதல் படம் எடுத்திருந்த ஒரு லத்தீன் அமெரிக்கப் பெண் இயக்குநர் வந்திருந்தார். மலைக் கிராமம், கடன், அப்பா வீட்டு ஆட்டை விற்கிறார். விற்ற பிறகு கம்பத்தில் தொங்கும் வெறும் கயிற்றைக் கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். படம் முடிந்து விளக்குப் போட்டதும் மைக் கைமாறிப் போனது. முதலில் கேட்ட இரண்டு பேரும் கேள்வி கேட்கவில்லை, சொற்பொழிவு ஆற்றினார்கள். அப்புறம் பின்வரிசையில் காக்கிச் சட்டையோடு ஒருவர் எழுந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர், கழுத்தில் நம்மைப் போலவே விழா அடையாள அட்டை. மலையாளத்தில்தான் கேட்டார், பக்கத்திலிருந்த மாணவி மொழிபெயர்த்தாள். “ஆடு போன பிறகு அந்தக் கயிற்றை அவ்வளவு நேரம் ஏன் காட்டினீர்கள்?”

நீளம் என்று குறை சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். இயக்குநரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார் போல. எடிட்டர் வெட்டச் சொன்னதாகவும், தன் வீட்டில் அப்பா அந்தக் கயிற்றை அவிழ்க்காமலே வைத்திருந்ததால் தான் மறுத்துவிட்டதாகவும் சொன்னார். “உங்களுக்கு நீளமாக இருந்ததா?” என்று திருப்பிக் கேட்டார். இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம் என்றார் ஆட்டோக்காரர். அவர் வீட்டில் மாட்டை விற்ற கதை அதற்குப் பிறகுதான் வந்தது. அடுத்த காட்சிக்கு நேரமாகிவிட்டது என்று தொண்டர்கள் எழுப்பிவிடும்வரை யாரும் நகரவில்லை. வெளியே வந்தால் வாசலில் அவர்கள் இரண்டு பேரும் அந்த மாணவியை நடுவில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்கள். நானும் போய் நின்றேன். கேட்க எனக்கு எதுவும் இல்லை, கேட்டுக்கொண்டு நிற்பதே போதுமாக இருந்தது.

இந்த மாதிரி ரசிகர்கள் ஒரே நாளில் உருவாகிவிடவில்லை. அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965இல் நல்ல படங்களைத் திரையிட்டுப் பேச சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் திருவனந்தபுரத்தில் தொடங்கினார்கள். ஏழு வருடம் கழித்து அவருடைய முதல் படம் ‘சுயம்வரம்’ வந்தபோது பார்க்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேராவது தயாராக இருந்தார்கள். மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம் ஒடேசா என்ற தம் திரைப்படக் குழுவோடு ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு வசூலித்து ‘அம்மா அறியான்’ எடுத்தது 1986இல். அதே ஜான் அதற்கு ஒன்பது வருடம் முன்பு தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்தவர். நாம்தான் அவரைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. திரைப்பட விழா 1996இல் கோழிக்கோட்டில் தொடங்கும்போது விதை ஏற்கெனவே ஊன்றியாகிவிட்டது.

மறக்க முடியாத இன்னொருவர் நம் ஊர் இளைஞர், பெயர் வேண்டாம். கைரளி படிக்கட்டில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே ஒவ்வொருவரிடமும் குனிந்து நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய படம் மறுநாள் திரையிடப்படுகிறது. அக்காவின் நகையை அடகு வைத்துப் படத்தை முடித்திருக்கிறார். அவருடைய சொந்த ஊரில் ஒரு தியேட்டர்க்காரர் ஒரே ஒரு காலைக் காட்சிக்குக்கூட இடம் கொடுக்கவில்லையாம். இங்கே மறுநாள் நான் போனபோது வரிசை தெருவரை நின்றது. உள்ளே நடைபாதையில் உட்கார்ந்து பார்த்தார்கள். 2022இல் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ என்ற தமிழ்ப் படம் இந்த விழாவில்தான் பார்வையாளர் விருதை வாங்கியது. விருதைத் தீர்மானித்தது பார்வையாளர்களின் வாக்கு, பெரும்பாலும் மலையாளிகள். மதுரைப் பக்கத்து வெயிலையும் புழுதியையும் அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஆதங்கமாகவும் இருந்தது.

நம்மிடம் நல்ல இயக்குநர்களுக்குப் பஞ்சமில்லை, அவர்களுக்காக வரிசையில் நிற்கும் கூட்டத்துக்குத்தான் பஞ்சம். அதை உருவாக்க ஒரு தியேட்டர், ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு காட்சி, படம் முடிந்து அரைமணி நேரப் பேச்சு போதும். நாகர்கோவிலிலோ நெல்லையிலோ இதைச் செய்ய யாராவது முன்வந்தால் நாற்காலி தூக்கிப்போட நான் வருகிறேன்.

*

அண்ணாச்சி, உங்கள் கட்டுரையைப் படித்தேன், நான் திருநெல்வேலி. நானும் தோழியும் இதே விழாவுக்கு 2022 டிசம்பரில் போயிருந்தோம். தொடக்க விழா நிசாகந்தி திறந்தவெளி அரங்கில். ஈரானிய இயக்குநர் மஹ்னாஸ் முகமதிக்கு விருது அறிவித்திருந்தார்கள். பயணக் கட்டுப்பாடு காரணமாக அவரால் வர முடியவில்லை. தன் தலைமுடியை வெட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார். கிரேக்க இயக்குநர் அதீனா ரேச்சல் த்ஸங்காரி அதை மேடையில் எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். முக்காட்டை முறையாக அணியவில்லை என்று கைதான மஹ்சா அமினி காவலில் இறந்து ஈரானில் பெண்கள் தெருவில் நின்ற நேரம் அது. முடிக்கற்றை எங்கள் வரிசையிலிருந்து சின்னதாகத்தான் தெரிந்தது. அவ்வளவு பெரிய கூட்டம் மொத்தமாக எழுந்து கைதட்டியது. நேரில் வராத ஒருவரைச் சந்தித்தேன் என்று சொல்லலாமென்றால் அது அவரைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைசிக் காட்சி முடிந்து நாங்கள் இருவரும் நடந்தே அறைக்குப் போனோம். தெருவில் எங்களைப் போல நிறையப் பெண்கள், படத்தைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டு. எங்கள் ஊரில் இரவுக் காட்சிக்குத் துணைக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. நீங்கள் சொல்லும் ஞாயிறு காலைக் காட்சி வந்தால் முதலில் வருகிறவர்கள் பெண்களாகத்தான் இருப்போம். சரி, முதல் தடவை வருகிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள்? என் தம்பியும் அவன் கல்லூரி நண்பர்களும் கேட்கிறார்கள்.

*

தங்கச்சி, மாணவர்கள் என்றால் அனுமதி அட்டைக் கட்டணத்தில் பாதிதான், கல்லூரி அடையாள அட்டையைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள். முந்தின நாள் காலையிலேயே மறுநாள் படங்களுக்கு முன்பதிவு திறந்துவிடும், நல்ல படங்கள் சில நிமிடத்தில் நிரம்பிவிடும். கிடைக்கவில்லையென்றால் சோர்ந்துபோக வேண்டாம், மீதி இடத்துக்கு வரிசை உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து படம் பார்த்தே தீருவேன் என்று ஓட வேண்டாம். மூன்று படம் பார்த்து, இயக்குநர் வந்திருக்கும் காட்சியைத் தேர்ந்தெடுத்து, முடிந்ததும் எழுந்து போகாமல் இருக்கச் சொல்லுங்கள். அங்கே ‘சாலை’ என்ற பெயருள்ள கடைத்தெருவில் தமிழ் பேசும் வியாபாரிகள் நிறையப் பேர், வழி கேட்கத் தயங்க வேண்டாம். நெல்லையில் ஞாயிறு காட்சிக்கு இசையும் தியேட்டர் ஏதாவது இருந்தால் விசாரித்து எனக்கு எழுதுங்கள்.