சின் மலைக்குக் கம்பளி அனுப்ப உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. மியான்மரின் இந்திய எல்லையோர ஊரான தமுவிலிருந்து எழுதுகிறேன். சின் மாநிலத்தில் தெடிம் ஊர்ப் பக்கம் மலை மேலே சின் இன மக்களின் ஒரு கிராமத்துக்குப் போய் வந்தோம். மழையில் மண் சரிந்தால் பாதையே அடைபட்டுவிடும். 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு மருந்தும் அரிதாகிவிட்டது. தண்ணீர் கேன்களைக் கூடையில் வைத்து, கூடை வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு பெண்கள் செங்குத்தாக ஏறுகிறார்கள். ஒரு பாட்டிக்குக் குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது, காலில் செருப்பில்லை. பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

டிசம்பர், ஜனவரியில் அங்கே குளிர் தாங்காது. யாங்கோன், மண்டலே அண்ணன்மாரே, அக்காமாரே, பழைய கம்பளி, ஸ்வெட்டர், பிள்ளைகளுக்குச் செருப்பு, சோலார் விளக்கு எது இருந்தாலும் கொடுங்கள். பணம் வேண்டாம். மலையடிவார ஊரான கலே வரை சரக்கு ஏற்றும் லாரிக்காரர் யாரையாவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள். அங்கிருந்து மேலே கொண்டுபோக ஆட்கள் இருக்கிறார்கள்.