செம்பூர், 35 வாரம்: ஆஸ்பத்திரிப் பையில் என்ன வைப்பது, பாலுக்கு என்ன ஏற்பாடு?

செம்பூர்ப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். முதல் குழந்தை, 35 வாரம் முடியப் போகிறது, தேதி ஜூலை 28 என்று கொடுத்திருக்கிறார்கள். வீடு மும்பை செம்பூர், ஆஸ்பத்திரி மாட்டுங்கா பக்கம். ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொள்ளலாம் என்றுதான் முதலில் பேச்சு, ஆனால் இத்தனை மாதம் பார்த்த டாக்டரை விட்டுப் போக மனசு வரவில்லை, அதனால் அம்மா அடுத்த வாரம் திருநெல்வேலியிலிருந்து இங்கே வருகிறார்கள்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, பை. ஆளுக்கு ஒரு பட்டியல் அனுப்புகிறார்கள், எல்லாவற்றையும் எடுத்து வைத்தால் மூன்று பை ஆகும் போலிருக்கிறது. எது நிஜமாகவே தேவைப்பட்டது என்று பெற்றவர்கள் சொல்லுங்கள்.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிய பயம். என் அக்காவுக்கு ஆபரேஷன் ஆகி மூன்று நாள் பால் சரியாக ஊறவில்லை, வார்டில் யாரோ டப்பா பால் வாங்கி வரச் சொல்லி பாட்டிலில் கொடுக்க, அப்புறம் குழந்தை மார்பைப் பிடிக்கவே இல்லை. அக்கா அதை நினைத்து இன்னும் அழுவாள். இப்போது மாமியார், ராத்திரி இரண்டு மணிக்கு எங்கே ஓடுவது, ஒரு டப்பாவை வாங்கிப் பையிலேயே வைத்துவிடு என்கிறார்கள். பம்ப், பாட்டில், டப்பா பால் எல்லாம் இப்போதே வாங்க வேண்டுமா?

மாட்டுங்கா, இரண்டு பிள்ளைகளின் அம்மா:

தங்கச்சி, முதலில் மழையை நினைத்துப் பையைக் கட்டுங்கள். ஜூலையில் இங்கே துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரமாகத்தான் இருக்கும். ஊரில் பத்துத் துணி போதும் என்று அம்மா சொல்வார்கள், இங்கே பழைய வேட்டி, பருத்திப் புடவை கிழித்தது 25 துண்டாவது வேண்டும். துவைத்து, சூடாக இஸ்திரி போட்டு, ஜிப் கவரில் போட்டு மூடி வைத்துவிடுங்கள். நான் ஒவ்வொரு கவரிலும் ஒரு சட்டை, ஒரு தொப்பி, சுற்ற ஒரு துணி, ஒரு லங்கோடு என்று ஐந்து செட் போட்டு மேலே எண் எழுதியிருந்தேன். பிரசவ அறைக் கதவைப் பாதி திறந்து ஆயாம்மா (இங்கே மாவ்ஷி என்பார்கள்) "பச்சே கா கப்டா", குழந்தைத் துணி, என்று கை நீட்டியபோது இவர் முதல் கவரை அப்படியே கொடுத்துவிட்டார். பக்கத்தில் நின்ற இன்னொரு வீட்டுக்காரர் பெரிய பையைத் தரையில் கொட்டித் தேடிக்கொண்டிருந்தார், பாவம்.

உங்களுக்கு: முன்பக்கம் இடுப்புவரை ஜிப் வைத்த நைட்டி நான்கு, கறுப்போ கரும்பச்சையோ அடர்ந்த நிறமாக. உள்ளாடை வயிற்றுக்கு மேலே ஏறுகிற பருத்தியில், ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், ஆபரேஷன் ஆனால் இடுப்பு எலாஸ்டிக் தையல் மேலேயே உட்காரும். பிரசவத்துக்கென்று விற்கிற பெரிய நாப்கின் இரண்டு பாக்கெட். வழுக்காத செருப்பு. ஃபிளாஸ்க், எவர்சில்வர் டம்ளர், இரண்டு ஸ்பூன். நீளமான வயர் உள்ள சார்ஜர், ஏனென்றால் பிளக் எப்போதும் கட்டிலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். நகை வேண்டாம். பவுடர், கண்மை, வசம்பு எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, செம்பூரிலிருந்து மாட்டுங்கா கிட்டத்தானே என்று இருக்காதீர்கள். சயானிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் தண்ணீர் நின்றால் அவ்வளவுதான். கடைசி வாரத்தில் தினமும் கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெருமழையும் ஏற்றமும் சேர்கிற நாளில் வலி லேசாகத் தொடங்கினாலே டாக்டருக்குப் போன் போட்டுக் கிளம்பிவிடுங்கள். 108 எண்ணையும் வீட்டுக்காரர் போனில் மட்டும் வைக்காமல் அம்மா போனிலும் போட்டு வையுங்கள்.

முலுண்டிலிருந்து ஓர் அப்பா:

ஃபைலை நீங்கள் தூக்காதீர்கள், அது கணவர் வேலை. இரண்டு பேர் ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ரத்த வகை ரிப்போர்ட், மெடிக்ளைம் கார்டு, எல்லாவற்றிலும் நான்கு ஜெராக்ஸ், கொஞ்சம் ரொக்கம். மெடிக்ளைம் இருந்தால் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் மேசையில் இப்போதே பேசி வையுங்கள்.

யாரும் சொல்லாத ஒன்று. பிறப்பைப் பதிவு செய்ய 21 நாள் கணக்கு. தகவலை ஆஸ்பத்திரியே அனுப்பும், ஆனால் படிவத்தில் அம்மா, அப்பா பெயரை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். நமக்கு இனிஷியல், இங்கே சர்நேம் கேட்பார்கள். நான் அவசரத்தில் ஒரு மாதிரி எழுத, ஆதாரில் வேறு மாதிரி இருக்க, திருத்துவதற்கு வார்டு ஆபீஸுக்கு நான்கு தடவை நடந்தேன். எந்த எழுத்தில், எந்த வரிசையில் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி ஃபைலில் வைத்துவிடுங்கள். குழந்தை பெயர் முடிவாகாவிட்டால் பரவாயில்லை, பெயர் இல்லாமலே பதியலாம், பிறகு சேர்க்கலாம்.

ஓய்வு பெற்ற நர்ஸ்:

அம்மாடி, 22 வருஷம் பச்சைக் குழந்தைகள் வார்டில் இருந்தவள் சொல்கிறேன், டப்பாவும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம், பம்பும் இப்போது வேண்டாம். டப்பா கையில் இருந்தால் குழந்தை இரண்டாவது தடவை அழுதவுடனே யாராவது ஒருவர் அதைத் திறந்துவிடுவார். ராத்திரி இரண்டு மணிக்கு வேண்டியிருந்தால் ஆஸ்பத்திரி மருந்துக் கடையிலேயே கிடைக்கும். டப்பா பாலை விளம்பரம் செய்வதும் இலவச மாதிரி கொடுப்பதும் 1992 சட்டப்படி குற்றம், அதனால் யாராவது இலவசமாக நீட்டினாலும் வாங்காதே.

அதற்குப் பதில் அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் மூன்று விஷயத்தைக் கேட்டு ஃபைலில் எழுதச் சொல். பிறந்தவுடன் குழந்தையை உன் வெற்று மார்பில் போட வேண்டும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வைக்க வேண்டும், ஆபரேஷன் ஆனாலும் இருவரும் நன்றாக இருந்தால் இது முடியும். குழந்தை உன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குழந்தை டாக்டர் சொல்லாமல் வேறு எதுவும் வாயில் வைக்கக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர், தேன், ஜன்ம குட்டி என்று இந்த ஊரில் கொடுக்கிற மூலிகை மருந்து எல்லாமே அதில் அடங்கும்.

முதல் நாள் குழந்தை வயிறு ஒரு தடவைக்கு ஒரு ஸ்பூன், ஒன்றரை ஸ்பூன்தான் கொள்ளும். உனக்கு வருகிற சீம்பாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், இரண்டும் பொருந்தித்தான் இருக்கிறது. மஞ்சளாக, கெட்டியாக ஒட்டும், அதைப் பார்த்துத்தான் பால் இல்லை என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். பால் நிறைந்து வர இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும், ஆபரேஷன் ஆனால் கொஞ்சம் கூடத் தள்ளலாம். அதுவரை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை மார்பில் போட வேண்டும், ராத்திரியும் சேர்த்து. காம்பை மட்டும் கவ்வினால் வலிக்கும், பாலும் வராது. வாய் பெரிதாகத் திறக்கும்வரை காத்திருந்து, கறுப்பு வட்டமும் சேர்ந்து உள்ளே போகும்படி குழந்தையை உன் பக்கம் இழு. வலித்தால் சுண்டு விரலை வாயோரம் விட்டு எடுத்து மறுபடி போடு. கூச்சப்படாமல் ஒவ்வொரு ஷிப்ட் நர்ஸையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்.

குழந்தை பிடிக்கவில்லையா, கையால் பீய்ச்சி ஸ்பூனிலோ பாலாடையிலோ கொடு. அதனால்தான் பையில் பம்புக்குப் பதில் ஒரு பாலாடை வை. அதுவும் போதாவிட்டால் தாய்ப்பால் வங்கி உண்டா என்று கேள். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் நம் சயான் ஆஸ்பத்திரியில்தான் தொடங்கினார்கள். அங்கே முதலில் குறைமாதக் குழந்தைக்கும் உடம்பு முடியாத குழந்தைக்கும்தான் பார்ப்பார்கள், இருந்தாலும் கேட்டு வைப்பதில் தப்பில்லை.

பால் போதுமா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாதே, ஈரத்துணியை எண்ணு. முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாம் நாளிலிருந்து ஆறுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கறுப்பு மலம் நான்கைந்து நாளில் மஞ்சளாக வேண்டும். எடை முதலில் கொஞ்சம் குறையும், பத்து சதவீதத்தைத் தொட்டால் டாக்டர் பார்க்க வேண்டும். உடம்பு மஞ்சளாகி, எழுப்பினாலும் குடிக்காமல் தூங்கினால் காத்திருக்காதே.

காட்கோபர் அம்மா:

நர்ஸ் அம்மா சொன்னது எல்லாம் சரி. ஆனால் நான் டப்பா பால் கொடுத்தவள், அதையும் இங்கே சொல்ல வேண்டும். எனக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது, நான்காம் நாள் எடை 11 சதவீதம் குறைந்து, டாக்டரே எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் முதலில் மார்பு, அப்புறம் பாலாடையில் டப்பா பால் என்று மூன்று வாரம் போனது, பிறகு மெதுவாகக் குறைத்து நிறுத்தினோம். அப்படி ஒரு நிலை வந்தால் நீங்கள் எதையும் தவறவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை, உங்கள் அக்காவிடமும் இதைச் சொல்லுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து அரை மணிக்குள், சூடு 70 டிகிரிக்குக் குறையும் முன், முதலில் தண்ணீர் பிறகு பொடி என்று கலக்கி, ஆற்றி, உடனே கொடுக்க வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பொடி நிறைய நாள் வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டவே கூடாது.

செம்பூர்ப் பெண்:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், எல்லோருக்கும் நன்றி. டப்பா வாங்கவில்லை. மாமியாரிடம் இவர் பேசிவிட்டார், ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அம்மா, பிறந்த குழந்தை வாயில் பெரியவர்கள் முதலில் இனிப்பைத் தொட்டு வைப்பார்களே, அந்தச் சேனை வைக்கணும் என்று தேன் பாட்டிலோடு வருகிறார்கள். எனக்குச் சேனை வைத்தது எங்கள் ஆச்சி, அவர்கள் குணம்தான் உனக்கு என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

ஓய்வு பெற்ற நர்ஸ்:

தேன் ஒரு வயசுவரை கூடவே கூடாது, அதில் இருக்கிற கிருமி விதை பச்சைக் குழந்தை குடலில் முளைத்து விஷமாகும், அதை அம்மாவிடம் நேராகச் சொல்லிவிடு. ஆனால் சேனையே வேண்டாம் என்று சொல்லாதே. முதல் தடவை மார்பில் குடித்து முடித்த பிறகு உன் சீம்பாலில் இரண்டு சொட்டு ஸ்பூனில் பீய்ச்சிக் கொடு, அம்மா கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அந்த ஸ்பூனால் பேரப்பிள்ளை உதட்டில் வைக்கட்டும். என் வார்டில் எத்தனையோ பாட்டிமார் அப்படித்தான் வைத்தார்கள். ஸ்பூனைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து மூடின டப்பாவில் போட்டு, முதல் கவரோடு சேர்த்து வை.