மாத டேட்டா வரம்பால் நெரிசல் குறைகிறதா?

கேள்வி:
வணக்கம். மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று வரம்பு வைப்பதற்கு நெட்வொர்க் நெரிசலையே நிறுவனங்கள் காரணமாகச் சொல்கின்றன. ஆனால் பின்னிரவில் பெரிய கோப்பு ஒன்றை இறக்கினாலும், எல்லோரும் காணொளி பார்க்கும் இரவு ஒன்பது மணிக்கு இறக்கினாலும் கணக்கில் ஒரே அளவுதான் கழிகிறது. அப்படியானால் இந்த வரம்பு எதைக் கட்டுப்படுத்துகிறது? கைப்பேசிச் சேவைக்கான வானொலி அலைகளின் இடத்தை, அதாவது அலைக்கற்றையை, கூடுதலாக ஒதுக்கினால் வரம்புக்குத் தேவை இருக்காதா?

மறுமொழி 1:
நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. நெட்வொர்க்கின் கொள்ளளவு நொடிக்கணக்கில் அளக்கப்படுவது. யாரும் பயன்படுத்தாமல் கழிந்த நொடியைச் சேமித்து வைத்து மறுநாள் கொடுக்க முடியாது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 4ஜி அலைவரிசை ஒன்று, இரண்டு ஆண்டெனா அமைப்பில், நொடிக்கு அதிகபட்சம் ஏறத்தாழ 150 மெகாபிட் தரும். கோபுரத்திலிருந்து அந்த அலைவரிசை எட்டும் பக்கத்தில் இருக்கும் அனைவரும் அதைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சிக்னல் நன்றாகக் கிடைப்பவருக்கு ஒரு ஜிபி விரைவில் போய்ச் சேர்ந்துவிடும்; தொலைவில், தடித்த சுவருக்குள் இருப்பவருக்கு அதே ஒரு ஜிபியை அனுப்பக் கோபுரம் பல மடங்கு நேரம் செலவிட நேரும். மாத வரம்பு இந்த வேறுபாட்டையும் பார்ப்பதில்லை, நேரத்தையும் பார்ப்பதில்லை. நெரிசல் வேளையில் மட்டும், அதிகம் இழுப்பவரின் வேகத்தைச் சற்றுக் குறைப்பதே நியாயமான வழி என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2:
அலைக்கற்றை பற்றி மட்டும் சொல்கிறேன். 1948-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் நிறுவிய தேற்றத்தின்படி, சிக்னலின் தரம் மாறாதிருந்தால், அலைவரிசையின் அகலம் இரட்டிப்பானால் கொள்ளளவும் இரட்டிப்பாகும். சிக்னலை அனுப்பும் சக்தியை மட்டும் கூட்டினால் அவ்வளவு பலன் கிடைக்காது. எனவே கூடுதல் ஒதுக்கீடு நிச்சயம் உதவும். ஆயினும் எந்த அதிர்வெண் பட்டை என்பது முக்கியம். 700 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தொலைதூரம் செல்லும், சுவரையும் ஓரளவு ஊடுருவும், ஆனால் அங்கே அகலமான இடம் இல்லை. 26 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளமாக உண்டு, ஆனால் ஒரு சுவரே அதைத் தடுத்துவிடும். நடுவிலுள்ள 6 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குத்தான் இன்று போட்டி: 2020-இல் அமெரிக்கா அதில் 1200 மெகாஹெர்ட்ஸை வைஃபை போன்ற, உரிமம் தேவைப்படாத பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது; எந்தப் பட்டை எதற்கு என்று நாடுகள் கூடி முடிவுசெய்யும் உலக வானொலித் தொடர்பு மாநாடோ, 2023-இல் துபாயில் நடந்தபோது, அதன் மேற்பகுதியைச் சில பகுதிகளில் கைப்பேசிச் சேவைக்கு அடையாளம் காட்டியது.

மறுமொழி 3:
கண்ணாடி இழை இணைப்புக்கு இந்த அலைக்கற்றைத் தட்டுப்பாடு பொருந்தாது. அங்கும் ஒரே இழையைப் பல வீடுகள் பகிர்கின்றன என்றாலும், இரு முனைகளிலுள்ள கருவிகளை மாற்றியே வேகத்தைக் கூட்டலாம். 2020 பெருந்தொற்றின்போது அமெரிக்காவின் சில பெரிய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளுக்கான வரம்பைத் தற்காலிகமாக நீக்கின. வீடுகளின் பயன்பாடு வெகுவாக உயர்ந்தும் நெட்வொர்க்குகள் தாங்கின. ஆகவே கம்பிவழி இணைப்பில் வரம்பு வைப்பதை நான் விலை நிர்ணய முடிவாகவே பார்க்கிறேன்.